உப்புக் காற்றில் குரோம் பைப்: மூன்று வருடமாக வாங்கிப் பார்த்த சாமான்கள்

போன கிழமை பழைய பில்களை ஒதுக்கும்போது சும்மா ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தேன். குளியலறைப் பைப்புகளை மினுக்குவதற்கென்று மட்டும் மூன்று வருடத்தில் 11,040 ரூபாய் செலவழித்திருக்கிறேன். அதில் உண்மையில் உதவிய சாமான்களுக்குப் போனது 3,390. மிச்சப் பணம் அரைவாசி நிரம்பிய போத்தல்களாகக் குசினித் தொட்டிக்கு அடியில் வரிசையாக நிற்கிறது. எறியவும் மனமில்லை, பாவிக்கவும் பயம். வேறு யாராவது அதே வரிசையை அடுக்கி வைக்காமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. கடற்கரைக்கு நடந்து ஐந்து நிமிடம். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறதென்று பைப் வாங்கும்போது எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்து இளைப்பாறிய பிறகு, மூன்று அறைகளை ஆட்கள் வந்து தங்குவதற்கு ஏற்றபடி கட்டினோம். அறைக்கொரு குளியலறை. முதல் இரண்டுக்கும் கிணற்றுத் தண்ணீர், மேல் தாங்கியிலிருந்து வரும். மூன்றாவது அறை பிறகு கட்டியதால் அதற்குக் கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். பைப், சவர், கைச்சவர், துவாய்க் கம்பி எல்லாம் குரோம். அப்போது கடையில் பார்க்கக் கண்ணாடிபோல இருந்தது.

இரண்டாவது வருட ஆவணியில், கனடாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை குளித்துவிட்டு வெளியே வந்து, "அன்ரி, வீடு புதுசு எண்டு சொன்னீங்க, பைப் மட்டும் பழசைப் போட்டிருக்கிறீங்களே" என்று கேட்டது. கெட்ட மனத்தோடு கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். பைப்பின் அடியைச் சுற்றி வெள்ளைப் பாறை, கைப்பிடியில் சாம்பல் நிறப் படலம், சவரின் துளைகளில் பாதி அடைத்து, தண்ணீர் நாலு பக்கமும் சிதறியது. அன்று தொடங்கியது இந்தச் செலவு.

சாமான்களைப் பற்றிச் சொல்வதற்கு முன் குரோம் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாததால்தான் நான் முதலில் பிழைவிட்டேன், அதுவும் ஆய்வுகூடத்தில் வேலை செய்த நான். குரோம் பைப் என்று நாம் சொல்வது உள்ளும் புறமும் குரோம் அல்ல. உள்ளே பித்தளை. விலை குறைந்ததென்றால் நாகக் (துத்தநாகக்) கலவை, இன்னும் குறைந்ததென்றால் பிளாஸ்டிக். அதன்மேல் ஒரு நிக்கல் பூச்சு. அதற்கும் மேலே, கடைசித் தோலாக, குரோமியம். அந்தத் தோலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கில் பாதி அளவுதான், பலவேளை அதிலும் குறைவு. தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. குரோமியம் கடினமான உலோகம்தான், காற்றுப் பட்டதும் தன்மேல் தானே ஒரு ஒட்சைட்டுப் படலத்தைப் போர்த்திக்கொண்டு மங்காமல் இருக்கும். ஆனால் தோல் அவ்வளவு மெல்லியது, அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் உண்டு. அந்த வெடிப்பு வழியாகக் கடலுப்பின் குளோரைட்டு உள்ளே இறங்கினால் நிக்கலையும், பிறகு அதற்கு அடியில் இருப்பதையும் அரிக்கத் தொடங்கும்.

பித்தளை வேறு சாதி. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால், கறுத்த மேல்பக்கம் போய், அடியிலிருந்து புதுப் பித்தளை வரும். எத்தனை வருடம் தேய்த்தாலும் உள்ளே பித்தளைதான். எங்கள் வீடுகளில் மினுக்கம் என்றால் தேய்ப்பு என்று கைக்குப் பழகியது அதனால்தான். குரோமின் மினுக்கம் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறோம்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது புத்தகம் அல்ல, பெரியம்மா. தம்பலகாமத்திலிருந்து ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோயிலுக்கு வந்து எங்கள் வீட்டில் நின்றார். காலையில் நான் எழும்புவதற்குள் இரண்டாம் அறைக் குளியலறையில் தும்பும் கையுமாக இருந்தார். "பிள்ளை, இந்தப் பைப்புகள் கறுத்துப்போய்க் கிடக்குது, வாற ஆக்கள் என்ன நினைப்பினம்" என்று சொல்லிக்கொண்டே தேங்காய்த் தும்பு, விறகுச் சாம்பல், பழப்புளி மூன்றையும் வைத்துத் தேய்த்தார். சொல்லக்கூடாது, அன்று பைப் அப்படி மின்னியது. மூன்றாம் நாள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் சிலந்தி வலை விரித்ததுபோல வட்டம் வட்டமாகக் கீறல். மாரி முடியும்போது கைப்பிடியின் மேல்பக்கத்தில் ஒரு மஞ்சள் சாயல் வந்தது. குரோமியம் நீலம் கலந்த வெள்ளை, நிக்கல் மஞ்சள் கலந்த வெள்ளை. மஞ்சள் தெரிகிறதென்றால் தோல் போய்விட்டது. பழி புளியின் மேல் இல்லை. சாம்பலில் இருக்கும் மணிமணியான துகள்தான் அரைத்தது. பற்பசை, பாத்திரம் தேய்க்கும் பவுடர், கம்பித் தும்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பைப்பைப் பற்பசையால் தேய்க்கும் வீடியோக்களை நம்ப வேண்டாம். மினுக்கம் வருவது உண்மை, அது எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

அந்த மஞ்சளை மறைக்கத்தான் பித்தளை மினுக்கும் பேஸ்ட் ஒன்று வாங்கினேன், 1,450 ரூபாய். குரோமுக்கும் நல்லது என்று ரின்னில் படம் போட்டிருந்தது. மஞ்சள் இன்னும் அகலமாகியது. பெயர் சொல்லவில்லை, பித்தளைக்கு அது நல்ல சாமான்தான், என் குத்துவிளக்கு இப்போது அதில்தான் மினுங்குகிறது. என் முட்டாள்தனத்துக்கு அந்தக் கொம்பனி என்ன செய்யும்.

அமிலத்தின் கதை இதைவிட மோசம். கொமட் கழுவ எல்லோர் வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கும்தானே. அவற்றில் பலவற்றில் இருப்பது ஐதரோகுளோரிக்கமிலம். பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது, குரோமியத்தை அது கரைத்துவிடும். உதவிக்கு வரும் அக்கா அதைக் கொமட்டில் ஊற்றி ஊறவிட்டு, மூடியை மூடாமல், குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார். ஒரு சொட்டும் பைப்பில் படவில்லை. ஆனாலும் இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கைச்சவரின் பிடியும், அதன் கொளுக்கியும், தரையில் தண்ணீர் போகும் சல்லடைத் தட்டும் கருஞ்சாம்பல் நிறமாகிவிட்டன. ஆவியே போதும். ஆய்வுகூடத்தில் அந்த அமிலப் போத்தல் வைத்த அலுமாரியின் பிணைச்சல்கள் மட்டும் ஏன் எப்போதும் கறள் பிடித்துக் கிடந்தன என்று எனக்குத் தெரியாததா? வீட்டுக்கு வந்ததும் படித்ததெல்லாம் மறந்துவிடுகிறது. அந்தக் கருமை எதற்கும் போகவில்லை. கைச்சவரை மாற்றினோம். இப்போது கொமட்டுக்கு மட்டும் அதை ஊற்றி, மூடியைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைத்து, பத்து நிமிடத்தில் கழுவி விடுகிறோம்.

இங்கே ஒன்று, இதில் பகிடி இல்லை. மாரி வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குப் போடக் குளோரீன் வாங்கி வைத்திருப்பீர்கள், குளியலறைப் பூஞ்சணத்துக்கு வெளிற்றும் திரவமும் இருக்கும். அதையும் எந்த அமிலத்தையும், வினாகிரியானாலும் சரி, தேசிக்காயானாலும் சரி, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்ற வேண்டாம். வருவது குளோரீன் வாயு. சின்னக் குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். வெளிற்றும் திரவம் தனியாகவே குரோமுக்கும் கூடாது.

அடுத்து அந்த 2,650 ரூபாய் ஸ்பிறே. வெளிநாட்டுச் சாமான், அரை லீற்றர், கைத்துப்பாக்கி மூடி. வாசம் நன்றாக இருந்தது. சவர்க்காரப் பிசுக்கை எடுத்தது. வெள்ளைப் பாறையைத் தொடவே இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு அழுக்கு என்று எனக்குப் புரிந்தது அந்த ஸ்பிறே தோற்ற பிறகுதான். வெள்ளைப் பாறை என்பது கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, தண்ணீர் காய்ந்ததும் கல்சியம் காபனேற்றாகப் பின்னால் தங்கிவிடுவது. அதற்கு ஒரு மெல்லிய அமிலம் வேண்டும். பிசுக்கு வேறு. கட்டிச் சவர்க்காரம் வன்னீரோடு, அதாவது இந்தச் சுண்ணாம்பு கரைந்த தண்ணீரோடு, சேரும்போது நுரைக்காமல் திரிகிறதே, அந்தத் திரிந்த சவர்க்காரம்தான் பைப்பில் ஒட்டுவது. அதோடு எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. புறாமலைக்கும் நிலாவெளிக்கும் போய்விட்டு வருபவர்கள் உடம்பெல்லாம் வெயில் கிறீம் பூசிக்கொண்டு வந்து அதே கையால் பைப்பைத் திறப்பார்கள். அது எண்ணெய். அமிலத்தை எவ்வளவு ஊற்றினாலும் எண்ணெய்க்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கு அது போய்ச் சேராது. அதனால் முதலில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும். அறைகளில் கட்டிச் சவர்க்காரத்தை நிறுத்தி, திரவச் சவர்க்காரம் வைத்த பிறகு பிசுக்கும் நன்றாகக் குறைந்தது. இதற்கு யாரும் விளம்பரம் போடமாட்டார்கள்.

வினாகிரி. எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். நானும் மூன்று போத்தல் முடித்தேன். வேலை செய்கிறது, பொய் சொல்லக்கூடாது. சுண்ணாம்பில் பட்டதும் பொருபொருவென்று காபனீரொட்சைட்டு வரும், பாறை இளகும். ஆனால் குளியலறை முழுக்கச் சம்பல் வாசம். தங்க வந்த ஒருவர் குசினி எங்கே என்று கேட்டார். வாசத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பேன், என்னை நிறுத்த வைத்தது வேறு. மூன்றாம் அறைக்கு அண்ணாவின் மகன் ஜெர்மனியிலிருந்து ஒரு பேசின் பைப் கொண்டுவந்து தந்திருந்தான், ஹான்ஸ்குரோஹே. அந்தக் கொம்பனியின் பராமரிப்புக் குறிப்பைத் தேடி வாசித்தேன். ஐதரோகுளோரிக்கமிலம், போமிக்கமிலம், குளோரீன் வெளிற்றி, இவற்றோடு அசற்றிக்கமிலம் உள்ள திரவங்களும் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். வினாகிரியில் இருப்பதே அசற்றிக்கமிலம்தான். ஒரு தடவை பட்டால் பைப் உதிர்ந்துவிடாது. ஆனால் இரவு முழுக்க வினாகிரியில் ஊற வையுங்கள் என்று சொல்பவர்கள், பைப்பைச் செய்தவர்கள் சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்கிறார்கள். அதே குறிப்பில் இன்னொரு நல்ல விசயம்: எந்தத் திரவத்தையும் பைப்பின் மேல் நேரே ஸ்பிறே பண்ணாமல், துணியில் எடுத்துத் துடைக்க வேண்டுமாம். ஸ்பிறேயின் நுண்ணிய துளிகள் பைப்பின் இடுக்குகளுக்குள் போய்த் தங்கி அங்கிருந்து அரிக்கும். என் 2,650 ரூபாய்த் துப்பாக்கி மூடிக்கு அதோடு வேலை இல்லாமல் போனது.

வினாகிரியில் அப்பச் சோடாவைக் கலந்து நுரை வர விடுவதைப் பற்றியும் ஒரு சொல். நுரையைக் கண்டதும் வேலை நடப்பதாக மனம் நம்பிவிடுகிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு, சுண்ணாம்பை அப்படியே விட்டுவிடும். மிஞ்சுவது சோடியம் அசற்றேற்று கரைந்த தண்ணீர். இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டால் இரண்டாலும் பயன் உண்டு.

இனி உருப்படியான சாமான்கள்.

முதலாவது சிற்றிக் அசிட். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சித்திரிக்கமிலம். டவுனில் கேக் சாமான் விற்கும் கடையில் நூறு கிராம் பக்கற் 180 ரூபாய்க்கு வாங்கினேன், தேசிக்காயின் புளிப்பு இதுதான். தேசிக்காயே போதாதா என்றால் போதும், ஆனால் ஒரு குளியலறைக்கு எத்தனை தேசிக்காய், அதன் சதை பைப்பில் ஒட்டிக்கொள்ளும், எறும்பு வேறு. நான் செய்வது இப்படித்தான்: அரை லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி. ரிஷ்யூ கடதாசியை அதில் நனைத்து, பைப்பின் அடியைச் சுற்றிச் சால்வை போர்த்துவதுபோல் சுற்றி வைப்பேன். பத்து, பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் தேத்தண்ணி குடிக்கலாம், ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கதைக்கப் போகக்கூடாது, நான் ஒரு தடவை போய் முக்கால் மணித்தியாலம் மறந்துவிட்டேன். அதிர்ஷ்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எடுத்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே துடைக்க வேண்டும். தடித்த பாறை ஒரே தடவையில் போகாது. அப்போது அழுத்தித் தேய்க்க வேண்டாம், அடுத்த கிழமை மறுபடி சுற்றுங்கள். இரண்டு வருடப் பாறை எனக்கு நாலு தடவையில் போனது. ரைல்ஸ் இடுக்குச் சீமெந்திலும் மாபிளிலும் இது வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவையும் சுண்ணாம்புதான், அமிலத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது.

சவர்த் தலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிடும் வேலை எனக்குச் சரிவரவில்லை, பை இரண்டு தடவை அறுந்து விழுந்தது. கழற்றி வாளியில் போடுவது சுகம். ரப்பர் துளைகள் உள்ள சவர் என்றால் பெருவிரலால் உரசினாலே சுண்ணாம்பு உதிரும். பைப்பின் வாயில் இருக்கும் சின்னச் சல்லடையையும் கழற்றுங்கள். கையால் வராவிட்டால் துணி சுற்றித் திருகுங்கள். கழற்றும்போது எது முதல், எது பிறகு என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுக்காமல் அரை நாள் பொழுதைத் தொலைத்தேன். முதலாம் அறையின் சல்லடையில் ஒரு கரண்டி மணல் இருந்தது. தண்ணீர் வேகம் குறைவென்று பம்ப் மாற்றப் பார்த்தோமே என்று அன்று சிரித்தோம். பிளம்பர் தம்பி வந்தால், பல்லுள்ள ரென்ச்சை வெறும் குரோமில் வைக்க விடாதீர்கள். எங்கள் சவர்க் குழாயின் நட்டில் இன்னமும் அவருடைய பல் அடையாளம் இருக்கிறது.

இரண்டாவது மைக்ரோபைபர் துணி, நாலு துணி 950 ரூபாய். மூன்று வருடத்தில் வாங்கியதிலேயே சிறந்தது இதுதான், பத்துக்குப் பத்து. உண்மையைச் சொன்னால் இதை நானாகத் தேடி வாங்கவில்லை. இன்னொரு 1,900 ரூபாய்ப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு காசு கொடுக்க நின்றேன். ஹாட்வெயார்க் கடைப் பெடியன், "அன்ரி, போன மாசமும் இப்படி ஒண்டு வாங்கினீங்க. இந்தத் துணியைக் கொண்டுபோய் ஒவ்வொரு நாளும் துடைச்சுப் பாருங்க" என்றான். நான் இரண்டையும் வாங்கினேன். போத்தல் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. பெரிய கடைகள் எத்தனையோ இருக்க, சாமான் விற்க வேண்டாம் என்று நினைத்த அந்தப் பெடியனுக்காகவே இப்போது ஆணி வாங்கினாலும் அங்கேதான்.

விசயம் எளிது. தண்ணீர் காய்ந்தால்தான் சுண்ணாம்பு தங்கும், துடைத்துவிட்டால் தங்க ஒன்றும் இல்லை. இரண்டாம் அறைக்கு ஒரு மாதம் ஒவ்வொரு நாளும் துடைத்தேன், முதலாம் அறையை விட்டுவிட்டேன். இரண்டுக்கும் ஒரே கிணறு, ஒரே தாங்கி. முதலாம் அறையில் எட்டாம் நாளே பைப்பின் அடியில் வெள்ளைக் கோடு, இரண்டாம் அறையில் மாதக் கடைசியிலும் இல்லை. கந்தளாய்த் தண்ணீர் வரும் மூன்றாம் அறையில் துடைக்காமலும் இவ்வளவு மோசமில்லை. கோடை முற்றி, கிணற்று நீர் இறங்கி, வாயில் வைத்தால் சாடையாகக் கரிக்கும் நாட்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

துணியில் ஒரு எச்சரிக்கை, கடற்கரை ஆட்களுக்கு மட்டும். குளித்தவர்களின் காலிலும் கையிலும் மணல் வரும். பைப்பைத் தண்ணீர் விட்டு அலசாமல் துணியை வைத்தால் அந்த மணல் துணிக்குள் மாட்டிக்கொண்டு பெரியம்மாவின் சாம்பல் வேலையைச் செய்யும். முதலில் அலசு, பிறகு ஒற்று, கடைசியில் துடை. துணியைத் துவைக்கும்போது வாசத் திரவம், மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் அதன் நூல்களில் படலம் ஏறி, நீரை உறிஞ்சாது. பருத்தித் துவாய்களோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும். தனியாகக் கழுவிக் கொடியில் போட்டால் போதும். என் முதல் நாலு துணியும் இன்னும் ஓடுகிறது.

மூன்றாவது கொஞ்சம் ஆடம்பரம்: கார் மெழுகு, 1,900 ரூபாய் ரின். காரே இல்லாத வீட்டில் கார் மெழுகு எதற்கு என்று மகன் கேட்டான். ரின்னில் கார்னோபா மெழுகு என்று இருந்தது. பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. எங்கள் பனை கள்ளும் பனங்கட்டியும் தருகிறது, அவர்களுடையது மெழுகு தருகிறது. பைப் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கும்போது விரல்நுனி அளவு பூசி, மங்கியதும் துடைத்துவிட்டால், தண்ணீர் சேம்பிலையில் உருள்வதுபோல உருண்டு விழுகிறது. எங்கள் வீட்டில் ஐந்து, ஆறு கிழமை நிற்கும். உப்புக் காற்றுக்கும் இது ஒரு சட்டை. ரின் மூன்று வருடத்துக்கும் முடியாது போலிருக்கிறது. கைப்பிடியில் மட்டும் பூசாதீர்கள், ஈரக் கைக்கு வழுக்கும். பத்துக்கு எட்டு. வேண்டிய அளவு நேரம் இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம், துணியை விடக்கூடாது. தேங்காய் எண்ணெய் பூசினாலும் இரண்டு நாள் மின்னும், பிறகு கச்சான் காற்றில் வரும் புழுதியெல்லாம் அதில் குடியிருக்கும். மண்ணெண்ணெய் பூசச் சொன்னவர்களும் இருக்கிறார்கள், காசு கொடுத்துத் தங்குபவர்களுக்கு அந்த வாசத்தைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டேன், தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும். துவாய்க் கம்பி. முதலாம் அறையில், கடல் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படுவதில்லை, அதனால் அதை யாரும் துடைப்பதும் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் முதல் போனது அதுதான். ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னப் புள்ளி, ஒவ்வொன்றிலிருந்தும் தவிட்டு நிறத்தில் கறள் ஒழுகிய அடையாளம். வாடைக் காற்றுக் காலத்தில் ஜன்னல் திறந்தே கிடந்தது, உப்பு வந்து வந்து படிந்து, கழுவ ஆளில்லாமல் உள்ளே இறங்கிவிட்டது. காந்தம் வைத்துப் பார்த்தேன், கப்பென்று ஒட்டியது. உள்ளே இரும்பு. புள்ளியின் நிறமே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும்: தவிட்டு நிறம் என்றால் இரும்பு, பச்சை என்றால் பித்தளை, வெள்ளையாகக் கொப்பளித்தால் நாகக் கலவை. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். மகனின் பழைய மோட்டார்சைக்கிள் ஹாண்டிலில் அது நன்றாகவே வேலை செய்திருந்தது, கம்பியிலும் கறள் போனது. புள்ளி போகவில்லை. ஓட்டை விழுந்த தோலை வீட்டில் வைத்துத் தைக்க முடியாது. ஒரு மாதத்தில் கறள் திரும்பி வந்தது. எவர்சில்வர்க் கம்பி போடலாமென்று பார்த்தால், சாதாரண எவர்சில்வரும் கடற்கரையில் தேயிலைச் சாயம் பட்டதுபோலக் கறை பிடிக்கிறது, எதிர்வீட்டுப் படிக்கட்டுப் பிடியில் தினமும் பார்க்கிறேன். கடைசியில் மரப்பலகையில் நாலு மரக் கொளுக்கி அடித்துவிட்டோம். தங்க வருபவர்கள் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்.

புதிதாகப் பைப் வாங்கப் போகிறவர்களுக்கு: கையில் தூக்கிப் பாருங்கள், பித்தளை கனக்கும். வளைவும் நெளிவும் பூ வேலையும் குறைந்ததை எடுங்கள், ஒவ்வொரு இடுக்கும் பிறகு உங்களுக்குத்தான் வேலை. தண்ணீர் படாத குரோமையும் கிழமைக்கு ஒரு தடவை ஈரத் துணியால் ஒற்றி உப்பை எடுங்கள், நான் செய்யாதது அதைத்தான்.

இரண்டாம் அறையின் மஞ்சள் கைப்பிடியை மாற்றவில்லை, தண்ணீர் ஒழுகாத பைப்பை எறிய மனம் வரவில்லை. இந்த ஆடி அமாவாசைக்கும் வருவதாகப் பெரியம்மா போன் பண்ணியிருக்கிறார். புளியையும் சாம்பலையும் அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, குத்துவிளக்கு இரண்டையும் எடுத்து விறாந்தை மேசையில் தயாராக வைத்திருக்கிறேன்.